வலியில்லாத முழங்காலில் ஒரு கருப்புப் பள்ளம்

கேள்வி: என் ஆத்தாவுக்கு வயது 72. 2011-ல் மதுரையில் இரண்டு முழங்காலிலும் மூட்டு மாற்று அறுவை செய்தோம். பதினான்கு வருஷமாக ஒரு தொந்தரவும் இல்லை. போன மாதம் மழையில் வளவுத் தாழ்வாரத்தில் வழுக்கி விழுந்துவிட்டார்கள். காரைக்குடியில் எக்ஸ்-ரே எடுத்ததில் முறிவு எதுவும் இல்லை. ஆனால் வலது காலில் செயற்கைத் தட்டுக்குக் கீழே கருப்பாக ஒரு பள்ளம் தெரிகிறது, இது ‘ஆஸ்டியோலைசிஸ்’ போல இருக்கிறது, மூட்டு மாற்று செய்யும் டாக்டரிடம் காட்டுங்கள் என்றார்கள். ஆத்தாவுக்கு வலியே இல்லை. உடம்பு இரும்பை ஒதுக்குகிறது, எதிர்ப்பு சக்தியைக் குறைக்க மாத்திரை இருக்கிறது என்று உறவினர்கள் சொல்கிறார்கள். வலி இல்லாதபோது மறுபடியும் கத்தி வைக்க வேண்டுமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே போவேன் என்று வேறு பிடிவாதமாக இருக்கிறார்கள்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: முதலில் உடனே செய்ய வேண்டியதும் செய்யக்கூடாததும். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை எதையும் ஆச்சிக்குக் கொடுக்காதீர்கள். அந்த முழங்காலில் யாரும் ஸ்டீராய்டு ஊசி போட விடாதீர்கள். 2011-ல் அறுவை முடிந்ததும் எடுத்த எக்ஸ்-ரேயைத் தேடி எடுங்கள். இப்போதைக்கு உங்களுக்குப் பெரிய துணை அந்தப் பழைய படம்தான். வலி இல்லை என்பதை வைத்து மட்டும் எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். ஆஸ்டியோலைசிஸ் என்றால் எலும்பு கரைவது; இந்தச் சிக்கலில் வலி மிகத் தாமதமாக வரும் அறிகுறி.

‘உடம்பு இரும்பை ஒதுக்குகிறது’ என்ற பேச்சைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். அது தவறு என்பதோடு, தவறான மருந்துக்கும் அதுதான் வழி காட்டுகிறது. வேறொருவர் சிறுநீரகத்தைப் பொருத்தினால் உடம்பு அதை அந்நியம் என்று கண்டு தாக்கும். அதைத் தடுக்கத்தான் எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை. செயற்கை முழங்காலில் நடப்பது வேறு. ஆச்சியின் மூட்டில் மூன்று பாகங்கள் இருக்கும். தொடை எலும்பின் முனையில் கவிழ்த்த கோபால்ட்-குரோமியம் உறை. கால் எலும்பின் மேல், சிமென்ட் போட்டு உட்கார வைத்த உலோகத் தட்டு. அது டைட்டானியமாகவோ கோபால்ட்-குரோமியமாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே 8 முதல் 12 மி.மீ. வரை தடிமனுள்ள பாலிஎத்திலீன் பிளாஸ்டிக். இந்தப் பிளாஸ்டிக்கை மருத்துவமனையில் ‘இன்சர்ட்’ என்பார்கள். மூன்றும் முழுப் பொருளாக இருக்கும்வரை உடம்புக்கு அவற்றோடு பகை இல்லை. பகை வருவது பிளாஸ்டிக் தேய்ந்து உதிரும் தூளோடு.

கொத்திய அம்மியில் முதல் சில நாள் அரைத்தால் மசாலாவில் கல்தூள் நறநறக்கும். அதனால்தான் அரிசியோ தவிடோ போட்டு அரைத்து எடுத்துவிடுகிறோம். அதன் பிறகும் கல் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது, நாக்குக்குத் தெரியாத அளவில். பாலிஎத்திலீனும் அப்படித்தான். முதல் ஓரிரு ஆண்டில் பாரத்துக்குக் கொஞ்சம் அமுங்கி, தன்னைப் படிய வைத்துக்கொள்ளும். பிறகு ஒவ்வோர் அடிக்கும் தூள் உதிரும். நன்றாக நடமாடும் ஒருவர் ஒரு காலை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் முறை ஊன்றுகிறார். தட்டையான தரையில் நடக்கும்போதே முழங்காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு பாரம் இறங்குகிறது, படி ஏறி இறங்கினால் அதற்கும் மேல். பழைய ரக இடுப்பு மூட்டுகளில் ஒரே அடிக்கு லட்சக்கணக்கில் துகள்கள் உதிரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். முழங்காலில் உதிர்பவை சற்றுப் பெரியவை, செதில் செதிலாகவும் பெயரும். அதனால்தான் எலும்பு கரையும் இந்தச் சிக்கல் இடுப்பைவிட முழங்காலில் குறைவு.

துகளின் அளவு முக்கியம். தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் தொல்லை தருபவை 0.1 முதல் 1 மைக்ரான் வரையுள்ள துகள்கள். காரணம், நம் உடம்பின் துப்புரவுப் பணி செய்யும் மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் விழுங்குவதற்கு வாகான அளவு அது. கிருமியின் அளவும் ஏறக்குறைய அதுதான். கிருமி என்று எண்ணித் துகளை விழுங்குகிறது அந்தச் செல். கிருமியாக இருந்தால் உள்ளே அமிலமும் நொதியும் சேர்ந்து கரைத்துவிடும். பாலிஎத்திலீனைக் கரைக்கும் நொதி நம் உடம்பில் இல்லை. விழுங்கியது செரிக்காமல் கிடக்க, செல் அபாயச் சங்கு ஊதுகிறது. டி.என்.எஃப். ஆல்ஃபா, இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 என்ற வேதிச் செய்திகள் வெளியே போகின்றன. இன்னும் பல செல்கள் வந்து குவிகின்றன. செல் செத்தாலும் துகள் சாவதில்லை. அடுத்த செல் அதே துகளை விழுங்குகிறது. பத்து மைக்ரானுக்கு மேற்பட்ட துண்டுகளை ஒரு செல் விழுங்க முடியாது. பல செல்கள் ஒன்றாக இணைந்து ராட்சதச் செல்லாகி அதைச் சூழ்ந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால், தட்டுக்கும் எலும்புக்கும் நடுவே ஒரு சவ்வே வளர்ந்துவிடும்.

இதுவரை எலும்பு எங்கும் கரையவில்லை என்பதைக் கவனியுங்கள். மேக்ரோஃபேஜ் எலும்பைத் தின்பதில்லை. எலும்பைக் கரைக்கும் வேலை ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்லுடையது. இரண்டும் எலும்பு மஜ்ஜையில் ஒரே மூலத்திலிருந்து பிறந்த பங்காளிகள். இளம் செல் எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிப்பதில் ரேங்க்-எல் என்ற புரதத்துக்குப் பெரிய பங்கு. எலும்பு கட்டும் ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளும் அந்தச் சவ்விலுள்ள நார்ச்செல்களும் மேக்ரோஃபேஜின் சங்கொலி கேட்டு ரேங்க்-எல்லைக் கூடுதலாகச் சுரக்கின்றன. சாதாரணமாக அதைத் தட்டிப் பறித்து அடக்கி வைக்கும் ஆஸ்டியோபுரோட்டிஜெரின் என்ற இன்னொரு புரதத்தால் ஈடுகொடுக்க முடியாமல் போகிறது. தராசு சாய்ந்ததும் புதிய ஆஸ்டியோகிளாஸ்ட்டுகள் உருவாகி எலும்பில் ஒட்டிக்கொண்டு, அமிலத்தைச் சுரந்து சுண்ணாம்புச் சத்தையும், நொதியால் அதன் நார்ப்புரதத்தையும் கரைக்கின்றன. அதே நேரத்தில் துகள்கள் ஆஸ்டியோபிளாஸ்ட்டுகளின் வேலையையும் மந்தப்படுத்துகின்றன. கரைப்பு கூடி, கட்டுமானம் குறைந்து, நடுவில் விழுவதுதான் எக்ஸ்-ரேயில் நீங்கள் பார்த்த பள்ளம்.

துகள் உதிர்வது மூட்டின் நடுவில். பள்ளம் தட்டுக்குக் கீழே. எப்படிப் போகிறது? மூட்டுநீர் கொண்டுபோகிறது. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் நீரின் அழுத்தம் ஏறி இறங்கும்; சிமென்ட்டுக்கும் எலும்புக்கும் இடையே எங்கே இடுக்கு இருக்கிறதோ, தட்டில் எங்கே திருகுத் துளை இருக்கிறதோ அங்கெல்லாம் நீர் புகுந்து தூளை இறக்கிவிடும். ஆகவே அறுவையின்போது சிமென்ட் எலும்பின் நுண்துளைகளுக்குள் நன்றாக இறங்கி இடுக்கில்லாமல் பிடித்திருந்தால், அதுவே தூளுக்கு ஒரு மதில்.

இந்தத் துறையே ஒரு காலத்தில் உங்கள் உறவினர்களைப் போலத்தான் ஆளை மாற்றிக் குற்றம் சாட்டியது. இங்கிலாந்தின் எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி 1950-களின் இறுதியில் இடுப்புக் கிண்ணத்தை டெஃப்லானில் செய்தார். வழவழப்பு அருமை, ஆனால் சில ஆண்டுகளிலேயே தேய்ந்து, தூள் கட்டிகட்டியாகத் திரண்டு எலும்பை அரித்தது. ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய கிண்ணங்களை அவர் எதிர்கொள்ள வேண்டியிருந்தது. 1962-ல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். அதன் வழிவந்ததுதான் இன்றைய இன்சர்ட். பிறகும் எலும்பு கரைவது சிலரிடம் தொடர்ந்தபோது, 1970-கள், 80-களில் பழி எலும்பு சிமென்ட் மேல் விழுந்தது. ‘சிமென்ட் நோய்’ என்றே பெயர் வைத்தார்கள். சிமென்ட் இல்லாத மூட்டுகளைச் செய்தார்கள். அங்கும் எலும்பு கரைந்தது. அதன் பிறகுதான் எந்தப் பொருளானாலும் தூளானால் தொல்லை என்பது தெளிந்து, ‘துகள் நோய்’ என்ற பெயர் நிலைத்தது.

உலோகத்துக்குப் பங்கே இல்லையா என்றால், உண்டு, ஆனால் வேறு இடத்தில். உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டுகளில் கோபால்ட், குரோமியம் அயனிகள் கசிந்து, சிலருக்கு லிம்போசைட் என்ற நினைவாற்றல் உள்ள எதிர்ப்புச் செல்கள் கிளர்ந்தெழுந்து, மூட்டைச் சுற்றிய சதையே அழுகிக் கட்டிபோல ஆனது. அப்படிப்பட்ட ஒரு மாதிரி 2010-ல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. அதை ஒவ்வாமை என்று சொல்வதில் பொருள் உண்டு. ஆச்சியின் முழங்காலில் உலோகம் உரசுவது பிளாஸ்டிக்கோடு. பிளாஸ்டிக் முழுதும் தேய்ந்து உலோகம் உலோகத்தைத் தொடும் நிலை வந்தால் ஒழிய அந்தக் கவலை வேண்டாம்.

சரி, ஏன் வலிக்கவில்லை? பள்ளம் விழுவது பஞ்சு போன்ற உள் எலும்பில், மெதுவாக, ஆண்டுக்கணக்கில். சுற்றிலும் மிச்சமிருக்கும் எலும்பு தட்டைத் தாங்கி நிற்கும்வரை அசைவு இல்லை; அசைவு இல்லாதவரை பெரும்பாலும் வலி இல்லை. தாங்கல் போன பிறகுதான் தட்டு ஆடும், அல்லது ஒரு சின்ன வழுக்கலில் எலும்பு உடையும். இந்த முறை ஆச்சி தப்பித்தார்கள்.

ஆனாலும் அந்தக் கருப்பு கட்டாயம் ஆஸ்டியோலைசிஸ்தான் என்று இன்னும் முடிவாகவில்லை. அறுவைக்கு முன்பே தேய்ந்த எலும்பில் இருந்த நீர்க்கட்டி அப்படியே விடப்பட்டிருக்கலாம். உலோகத் தட்டு பாரத்தைத் தானே சுமப்பதால் கீழே உள்ள எலும்பு வேலையின்றி மெலிந்து பரவலாக மங்கியிருக்கலாம்; இதற்கு அறுவை தேவையில்லை. எக்ஸ்-ரே கதிர் சில பாகை சாய்ந்து விழுந்தால் இல்லாத இடைவெளி தெரியும், இருக்கும் இடைவெளி தட்டின் நிழலில் மறையும். இதையெல்லாம் பிரித்துக்காட்டுவது பழைய படத்தோடு ஒப்பிடுவதுதான். 2011-லும் அதே இடத்தில் அதே அளவில் கருப்பு இருந்தால் நிம்மதியாக மூச்சு விடலாம். அன்று இல்லாதது இன்று இருந்தால், அதுவும் தெளிவான ஓரத்தோடு இருந்தால், டாக்டர் சொன்னது சரி.

புதிய படம் எடுக்கும்போது நின்றபடி நேர்ப்படம், பக்கவாட்டுப் படம், முழங்கால் சிப்பியின் படம், இடுப்பு முதல் கணுக்கால் வரை நீளப் படம் என நான்கும் வேண்டும். நேர்ப்படத்தில் கதிர் தட்டுக்கு இணையாக விழ வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுப்பார். நின்று எடுத்த படத்தில் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே தெரியும் வெற்றிடம்தான் பிளாஸ்டிக். பழைய ஃபைலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இன்சர்ட்டின் தடிமன் இருக்கும். 10 மி.மீ. போட்ட இடத்தில் உட்புறம் 6, வெளிப்புறம் 9 என்று தெரிந்தால் ஒருபக்கமாகத் தேய்கிறது, காலின் அச்சு கோணியிருக்கிறது என்று பொருள். எக்ஸ்-ரேயில் தெரிவதைவிடப் பள்ளம் உள்ளே பெரிதாக இருப்பது வழக்கம். ஆகவே அடுத்த படி, உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கும் சி.டி. ஸ்கேன்.

இதற்கிடையே விலக்க வேண்டிய முக்கியமான ஒன்று, கிருமித் தொற்று. சத்தமில்லாமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும் தொற்றும் இதே போலத் தட்டைத் தளர்த்தும். உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டு ரத்தப் பரிசோதனையும் வேண்டும். ஈ.எஸ்.ஆர். 30-க்கு மேலோ சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மி.கிராமுக்கு மேலோ இருந்தால், மூட்டிலிருந்து ஊசியால் நீர் எடுத்துச் செல் எண்ணிக்கை பார்த்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் அனுப்ப வேண்டும். மறு அறுவை என்று முடிவானால் ரத்தம் சரியாக இருந்தாலும் நீர் எடுத்துப் பார்ப்பது நல்லது. மைக்ரோலிட்டருக்கு 3,000-க்கு மேல் வெள்ளணுக்கள், அதிலும் பெரும்பகுதி நியூட்ரோஃபில் என்ற வகை என்றால் தொற்றின் பக்கம் சாய்கிறது. தூளால் வரும் அழற்சியில் மேக்ரோஃபேஜ்களே மிகுதி. இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு பிழை: முழங்கால் வீங்கியதும் யாராவது ஐந்து நாள் ஆன்ட்டிபயாட்டிக் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கிருமி சாகாது, ஆனால் கல்ச்சரில் வளராமல் ஒளிந்துகொள்ளும். நீர் எடுப்பதற்கு முன் குறைந்தது இரண்டு வாரம் ஆன்ட்டிபயாட்டிக் இல்லாமல் இருக்க வேண்டும்.

மருந்து பற்றிக் கேட்டீர்கள். துகளால் கரையும் எலும்பை நிறுத்துவதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இன்று எதுவும் இல்லை. ஸ்டீராய்டு எலும்பை மேலும் மெலிய வைக்கும், தொற்றுக்குக் கதவு திறக்கும். எலும்பு அடர்த்திக்குத் தரும் பிஸ்பாஸ்பனேட் மாத்திரைகள் ஆய்வகத்தில் ஆஸ்டியோகிளாஸ்ட்டை அடக்கினாலும், விழுந்த பள்ளத்தை மூடும் என்பதற்கு மனிதர்களிடம் நல்ல சான்று இல்லை. ரேங்க்-எல்லை நேரடியாகத் தடுக்கும் டெனோசுமாப் ஊசி சிறு அளவில் சோதிக்கப்பட்டு நம்பிக்கை தருகிறது, வழக்கமான சிகிச்சையாகவில்லை. அதேசமயம் ஆச்சிக்கு 72 வயது. டெக்ஸா ஸ்கேனில் எலும்பு அடர்த்தி பார்த்து, வைட்டமின் டி அளவும் பார்த்து, குறைவிருந்தால் அதற்காக மருத்துவம் செய்வது அவசியம். எந்த மருந்தானாலும் தூள் உதிர்வதை நிறுத்தாது. ஊற்றை அடைக்காமல் நீரை இறைப்பது போலத்தான்.

அறுவை எப்போது? பள்ளம் சிறிது, தட்டு உறுதி, பிளாஸ்டிக் தடிமன் போதுமானது, தொற்று இல்லை என்றால், கத்தி வேண்டாம். ஆறு மாதத்தில் அதே கோணத்தில் மறுபடி படம், மாற்றமில்லை என்றால் ஆண்டுக்கொரு முறை. பள்ளம் வளர்ந்துகொண்டே போனாலோ, பிளாஸ்டிக் மெலிந்துவிட்டாலோ, வலி இல்லாவிட்டாலும் தள்ளிப்போடாதீர்கள். உலோகப் பாகங்கள் உறுதியாகவும் நேராகவும் இருக்கும் கட்டத்தில் இன்சர்ட்டை மட்டும் மாற்றி, பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து எலும்புத் துருவல் நிரப்பிவிட முடியும். ஆனால் அச்சு கோணலால் தேய்ந்த மூட்டில் இன்சர்ட்டை மட்டும் மாற்றினால், புதியதும் அதே வேகத்தில் தேயும். தட்டு ஆடிவிட்டால் எல்லாப் பாகங்களையும் கழற்ற வேண்டும். எலும்பு எவ்வளவு போயிருக்கிறதோ அந்த அளவுக்கு உலோகத் துண்டுகள், கூம்புகள், எலும்பின் உள்ளே இறங்கும் நீளத் தண்டுகள் தேவைப்படும். தசைநார் பிடித்திருக்கும் எலும்பே கரைந்துவிட்டால், கதவுக் கீல் போன்ற மூட்டு வரை போக நேரும். இரண்டு ஆண்டு காத்திருந்து செய்யும் ரிவிஷன் (மறு அறுவை) இன்று செய்வதைவிடக் கடினமாகவே இருக்கும். இந்தக் காரணத்துக்காகத்தான் வலியை அளவுகோலாக வைக்காதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். செலவைப் பேசும்போது, 2017 ஆகஸ்டில் மத்திய அரசு முழங்கால் பாகங்களுக்கு, ரிவிஷன் பாகங்கள் உட்பட, விலை உச்சவரம்பு விதித்தது நினைவிருக்கட்டும். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் பெயர், தயாரிப்பு எண், விலை தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இனிப் பழனி நடை. கணக்கோடு பேசுவோம். உங்கள் பக்கத்திலிருந்து பழனி வரை சுமார் 150 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஆச்சியின் சிறு அடிக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம் அடிகள். ஒரு காலுக்கு ஒன்றேகால் லட்சம். நடமாடும் ஒருவரின் ஆண்டுக் கணக்கில் எட்டில் ஒரு பங்கு. அதில் உதிரும் கூடுதல் தூளுக்காக மட்டும் நான் நடையைத் தடுக்க மாட்டேன். என் பயம் வேறு: அளவு தெரியாத பள்ளத்தின் மேல் நிற்கும் தட்டு, இருட்டில் கல் பாதை, களைத்த கால். தடுக்கி விழுந்து பள்ளத்தின் வழியே எலும்பு உடைந்தால், இன்சர்ட் மாற்றலில் முடிந்திருக்க வேண்டியது பெரிய அறுவையாகிவிடும். ஆகவே சி.டி. பார்த்து டாக்டர் சரி சொல்லும்வரை பழனி நடை வேண்டாம். சரி என்றால் பகலில், தினமும் சில கிலோமீட்டர் மட்டும் நடந்து, மீதியை வண்டியில் போகலாம். நகரத்தார் நடைப்பயணத்தில் காவடிக்குப் பின்னால் வண்டிகளும் வரத்தான் செய்கின்றன. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான் என்று நீங்கள் சொன்னால் கேட்க மாட்டார்கள். வீட்டில் அவர்கள் மதிக்கும் பெரியவர் யாராவது சொல்லட்டும்.

வீட்டில் உடனே செய்ய வேண்டியவை சில உண்டு. ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும். மழைநாளில் வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் ரப்பர் மிதியடி போடுங்கள். முகப்புப் படியில் ஒரு பக்கமாவது கைப்பிடி வையுங்கள். கோலத்துக்குக் குந்தி உட்காருவது, மணையில் சம்மணம் போடுவது, இந்திய முறைக் கழிப்பறை மூன்றும் வேண்டாம். முழங்கால் ஆழமாக மடங்கும்போது பாரமெல்லாம் பிளாஸ்டிக்கின் பின்விளிம்பில் ஒரு குறுகிய இடத்தில் குவியும். செதில் பெயர்வது அப்படித்தான். சமையலை மேடையில் நின்றோ நாற்காலியில் அமர்ந்தோ செய்யலாம். தரையில் நடப்பதை நிறுத்த வேண்டாம். தொடைத்தசை மெலிந்தால் விழும் வாய்ப்புதான் கூடும். எடை ஐந்து கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் பாரத்தில் பத்துப் பதினைந்து கிலோ குறைகிறது.

திடீர் வீக்கம், ஊன்றும்போது புது வலி, கால் வளைவது போன்ற தோற்றம், ‘கடக்’ என்ற சத்தத்தோடு கால் மடங்கிப்போவது, இவற்றில் எது வந்தாலும் அன்றே காட்டுங்கள். காய்ச்சலோடு மூட்டு சூடாகி வீங்கினால், அது நள்ளிரவானாலும் அவசரம்.

ஆச்சி பதினான்கு ஆண்டு வலியில்லாமல் நடந்திருக்கிறார்கள் என்பதும் சின்ன விஷயமல்ல. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து பதிவேடுகளை வைத்து 2019-ல் வெளியான கணக்குப்படி, முழு முழங்கால் மாற்றில் 100-க்கு 82 மூட்டுகள் 25 ஆண்டு நிற்கின்றன. மறு அறுவை தேவைப்படுபவர்களில் பலரும் தவறவிடுவது நடுவில் எடுக்க வேண்டிய படங்களைத்தான். பத்து ஆண்டு தாண்டிய செயற்கை மூட்டுக்கு, தொந்தரவு இல்லாவிட்டாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை எக்ஸ்-ரே வேண்டும்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது 2011 டிஸ்சார்ஜ் சம்மரி, பாகங்களின் ஸ்டிக்கர் ஒட்டிய தாள், அப்போதைய படங்கள், இப்போதைய படம், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். ஸ்டிக்கர் தாள் தொலைந்திருந்தால் மதுரை மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் ஆச்சியின் பெயர், அறுவை நாள் சொல்லிக் கேளுங்கள். மாடல் எது என்று தெரியாமல் அதற்குப் பொருந்தும் இன்சர்ட்டை வாங்க முடியாது. அது கிடைக்காததாலேயே நன்றாக நிற்கும் உலோகத்தையும் கழற்ற வேண்டி வரும். பள்ளம் வலது காலில் என்றாலும் இடது காலுக்கும் அதே நான்கு படங்களை எடுக்கச் சொல்லுங்கள். அதில் இருப்பதும் அதே வயதுடைய பிளாஸ்டிக்.